முன்சக்கரங்களுக்கும் வேலை

கேவட்பூர் டில்லிக்குள்தான் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் அதற்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே ஒரு கை அகலம். நகரத்துக்கு வடக்கே, வெள்ளத் தடுப்புக் கரையைத் தாண்டி, யமுனைப் படுகையிலேயே இருந்த கிராமம். டாக்டர் சுந்தரவல்லி எக்ஸ்ரே லாரியை எடுத்துக்கொண்டு முதல் தடவை அங்கே புறப்பட்டபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

அது 1979-ஆம் வருஷத்து ஜனவரி. முந்தைய செப்டம்பரில் யமுனை டில்லிக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. போகும்போது கேவட்பூரின் மண்பாதையை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வண்டலை விட்டுச் சென்றிருந்தது. மேலே காய்ந்து வெடித்து, பார்ப்பதற்குத் தரை மாதிரியே இருக்கும் வண்டல். லாரி கரையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன.

சுந்தரவல்லி மத்திய அரசின் காசநோய் நிலையம் ஒன்றில் டாக்டர். ஸ்ரீரங்கத்துக்காரர். லாரியை ஓட்டிய கலியமூர்த்திக்குப் பண்ருட்டிப் பக்கம். ராணுவத்தின் வண்டிப் பட்டறைகளில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நிலையத்தின் வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. நிலையத்தில் இருந்த வண்டிகள் மூன்று.

"இறங்கிப் பாக்கறேளா?" என்று சுந்தரவல்லி கேட்டார்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. பாதி டயர் உள்ள போயிடுச்சு. மீதிப் பாதிய இங்கருந்தே பாக்கலாம்."

சுந்தரவல்லி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு நடந்தார். அங்கே ஊரே துவைத்த துணி உடுத்திக் காத்திருந்தது. நெஞ்சை போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். போட்டோ என்றதும் பெண்கள் கண்ணுக்கு மை தீட்டியிருந்தார்கள். ஷர்பதி என்ற இளம்பெண், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள்.

"மிஷின் எங்கே, டாக்டர்னி ஜி?"

"மிஷின் சேற்றில் இருக்கிறது."

"அப்போது நீங்கள் மட்டும் எதற்கு வந்தீர்கள்?" என்று அவள் கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

சுந்தரவல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஷர்பதியின் வலது பக்க மார்பில், மேலே, அவருக்குப் பிடிக்காத ஒரு சத்தம் இருந்தது. இன்னும் சிலரிடமும் இருந்தது. நகரத்துக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். எல்லோரும் அச்சா, அச்சா என்று தலையாட்டினார்கள். யாரும் வரவில்லை. இருமலுக்காக ஒரு நாள் கூலியை விடுவதும், பால் கறக்கும் எருமையை விட்டுவிட்டு வருவதும் அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அந்த எருமைகளில் நான்கைக் கொண்டுவந்துதான் மாலையில் லாரியைப் பின்பக்கமாக இழுத்துக் கரையேற்றினார்கள்.

எக்ஸ்ரே கருவியை மாட்டுவண்டியில் ஏற்ற முடியாது. குலுக்கலில் கண்ணாடிக் குழாய் உடைந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் இஞ்சினின் இழுப்பு போகும் லாரி ஒன்று வேண்டுமென்று சுந்தரவல்லி இயக்குநரிடம் கேட்டார். நிலையத்தில் அப்படிப்பட்ட வண்டி ஒன்று இருந்தது, ஜீப். அது தினமும் இயக்குநரை வீட்டிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பாதை முழுக்கத் தார் ரோடு.

"மேடம், நாளைக்கே அந்த ஊருக்கு ரோடு போடுவார்கள். ரோடு வந்தால் லாரி தானாகப் போகும்" என்றார் இயக்குநர்.

சுந்தரவல்லி நேரே பின்னாலிருந்த வண்டிக் கொட்டகைக்குப் போனார். கலியமூர்த்தி லாரிக்கு அடியிலிருந்து வண்டலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இந்த லாரியையே நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி பண்ண முடியாதா?"

கலியமூர்த்தி வெளியே வந்து கையைத் துடைத்தார். "பண்ணலாங்க. இப்ப பின்னாடி ரெண்டு சக்கரம்தான் தள்ளுது. முன்னாடி ரெண்டும் சும்மா உருளுது. சேத்துல எறங்கினா தள்ளுறது முழுகுது, சும்மா இருக்கறது மெதக்குது. முன்னாடிக்கும் வேல குடுக்கணும். அதுக்கு முன்சக்கரத்த சுத்தி விடற வேற ஆக்ஸில் வேணும், இழுப்பைப் பிரிச்சு அனுப்பற பெட்டி ஒண்ணு வேணும். ராணுவ லாரில இருக்கும். மாயாபுரில ஒடைச்சுப் போட்டு வச்சிருப்பானுங்க."

"எத்தனை நாளாகும்?"

"நாள் சொன்னா நீங்க நம்புவீங்க. அப்பறம் என்னைத் திட்டுவீங்க."

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், இரவுச் சாப்பாட்டின்போது, சுந்தரவல்லி இதைத் தன் கணவரிடம் சொன்னார். பட்டாபி ஓர் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. அவர் ரசம் சாதத்தைக் கலந்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"என்னன்னு எழுதப் போறே?"

"டூ வீல் டிரைவை ஃபோர் வீல் டிரைவா மாத்தறோம்னு."

"'மாத்தறோம்'னு போட்டா ஃபைனான்ஸுக்குப் போகும். அங்கேர்ந்து டிரான்ஸ்போர்ட்டுக்குப் போகும். நீ ரிடயர் ஆனப்புறம் ஒரு சந்தேகத்தோட திரும்பி வரும். 'ரிப்பேர்'னு எழுது. ரிப்பேரை யாரும் கேக்கமாட்டா."

"முன்னாடி ஆக்ஸிலே புதுசு போடறோம்னா."

"ஆக்ஸில் ரிப்பேர்."

"ரெண்டாவதா ஒரு கியர்பாக்ஸ்."

"கியர்பாக்ஸ் ரிப்பேர்" என்று பட்டாபி மோருக்குக் கை நீட்டினார்.

மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், சர்தார் ஒருவரின் கிடங்கில், விபத்தில் நசுங்கிய ராணுவ லாரி ஒன்றின் முன் ஆக்ஸிலும் பெட்டியும் கிடைத்தன. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று அந்தப் பெட்டிக்குப் பெயர். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, பின்னால் ஒரு பங்கும் முன்னால் ஒரு பங்கும் அனுப்பும். பக்கத்திலிருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் முன்பங்கு நின்றுவிடும். சாதாரண லாரி ஆகிவிடும். பின் ஆக்ஸிலை யாரோ ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தார்கள். பின்னால் நம்முடையதே இருக்கிறதே, அது எதற்கு என்று கலியமூர்த்தி விட்டுவிட்டார்.

அந்த வருஷம் முழுவதும், மற்ற வண்டிகளின் வேலைக்கு நடுவே, ரிப்பேர் நடந்தது. சுந்தரவல்லி வெளிநோயாளிகளை முடித்துவிட்டு வந்து, கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து பார்ப்பார். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்பதால் ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் ஒரு குமிழ் மூட்டு இருந்தது. கலியமூர்த்தி அதைக் கிரீஸ் போட்டுத் திருப்பிக் காட்டியபோது அவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தோள்பட்டை மாதிரியே இருக்கு."

"தோளு வலிச்சா சொல்லும் டாக்டரம்மா. இது சொல்லாது. ஒடையும்."

புது ஆக்ஸிலின் நடுவே, பல்சக்கரங்களை வைத்திருக்கும் பூசணிக்காய் போன்ற இரும்புக் குடுவை, இஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் போய் இடித்தது. ஆகவே முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புக் கட்டைகள் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் லாரி, யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டதைப் போல, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதனால் பின்பக்கத்தையும் தூக்கினார்கள். அதனால் நோயாளிகள் ஏறும் படிகளில் இரண்டு கூடின. டயர்களையும் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ராணுவ டயர்களாக மாற்றினார்கள். டயர் ரிப்பேர்.

மறுவருஷம் பிப்ரவரியில் ரிட்ஜ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். பின்சக்கர இழுப்பில் நன்றாகவே போனது. கலியமூர்த்தி நெம்புகோலை மேலே இழுத்து நான்குக்கும் இழுப்பு கொடுத்தார். லாரி உறுமியது. டயர்கள் தார் ரோட்டில் தேய்ந்து கீச்சிட்டன. வண்டி முழுவதும் ஜுரம் வந்ததைப் போல நடுங்கியது. நெம்புகோலைக் கீழே தள்ளப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் பார்த்தார். மரத்தடியில் இருந்த டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதன் மேல் என்ன குற்றம் சாட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார். பின்னோக்கி ஓட்டியபோது நெம்புகோல் பெரிய சத்தத்துடன் தானே விட்டுக்கொண்டது.

கொட்டகையில் நான்கு சக்கரங்களையும் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் கோடு போட்டு, கையால் சுற்றி, சுந்தரவல்லி முன்னாலும் கலியமூர்த்தி பின்னாலும் எண்ணினார்கள். முன்சக்கரம் ஏழு சுற்று வந்தபோது பின்சக்கரம் ஆறுதான் வந்திருந்தது. இரண்டு ஆக்ஸிலுக்கும் உள்ளே இருந்த பல்சக்கரங்களின் கணக்கு வேறு வேறு. முன்னால் ஓடச் சொன்னதும் பின்னால் நடக்கச் சொன்னதும் ஒரே இஞ்சின்.

"நீங்க தப்பா எண்ணியிருப்பேள்" என்றார் சுந்தரவல்லி.

மறுபடி எண்ணினார்கள். ஏழுக்கு ஆறு.

கலியமூர்த்தி சாக்பீஸைக் கீழே வைத்தார். "தப்பு என்னுதுங்க. ஒரே சைஸ் லாரி, ஒரே கணக்காத்தான் இருக்கும்னு நெனச்சேன். வாங்கறப்பவே சுத்திப் பாத்திருக்கணும்."

"நானும் கேக்கலை."

"நீங்க டாக்டரு. நீங்க ஏன் கேக்கணும்?"

அன்று அவர் மோதி பாக் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையென்று அவர் மனைவி சாந்தகுமாரி மறுநாள் நிலையத்துக்கு போன் செய்து, ஆபீசில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று சுந்தரவல்லியிடம் கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, லாரிதான் சொல்லிவிட்டது என்றார் சுந்தரவல்லி.

இப்போது அந்த ராணுவ லாரியின் பின் ஆக்ஸில் வேண்டும். அதை வாங்கிப் போனவன் நஜஃப்கட் பக்கத்துப் பால்காரன் என்று சர்தார் நினைவுபடுத்திச் சொன்னார். இருவரும் லாரியிலேயே போனார்கள். ஹர்பூல் சிங் என்ற அந்தப் பால்காரர், ஆக்ஸிலைத் தரையில் சிமெண்ட் போட்டு நட்டு, டீசல் இஞ்சினை இணைத்து, எருமைகளுக்குத் தட்டை நறுக்கும் கத்தியை அதைக்கொண்டு சுற்றவைத்திருந்தார். அழகாகச் சுற்றியது.

"இது எனக்கு ராசியான சாமான். கொடுக்க மாட்டேன்" என்றார் ஹர்பூல் சிங்.

"இதுக்குப் பதிலா எங்க லாரியோடத வச்சுக்குங்க. ராணுவம் இல்லேன்னாலும் சர்க்கார்" என்று கலியமூர்த்தி தன் ராணுவ ஹிந்தியில் சொன்னார். "தட்டை நறுக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்களுக்குத்தான் ரெண்டும் ஒண்ணு இல்ல."

ஹர்பூல் சிங் லாரியைச் சுற்றி வந்தார். லாரியின் பின்னாலிருந்த பெரிய பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். நெஞ்சை போட்டோ எடுக்கும் மிஷின் என்றதும், வீட்டில் எல்லோரையும் எடுத்தால் யோசிக்கிறேன் என்றார். பதினெட்டுப் பேரை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சுந்தரவல்லி படங்களோடு வந்தார். பதினேழு பேருக்கு ஒன்றுமில்லை. ஹர்பூல் சிங்குக்கு இருந்தது.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்கள் லாரியே சரியில்லை என்கிறீர்கள். அதில் வரும் மிஷின் மட்டும் சரியாக இருக்குமா?"

"உங்கள் மனைவிக்கும் அதே மிஷின்தான். அவருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோது நம்பினீர்களே."

அவர் வெகுநேரம் தட்டை நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "மாத்திரை எத்தனை நாள்?" என்றார். ஒன்றரை வருஷம். ஆக்ஸிலைக் கழற்ற அன்றே ஆள் விட்டார். இப்படியாக, மத்திய அரசுக்குச் சொந்தமான பின் ஆக்ஸில் ஒன்று நஜஃப்கட்டில் எருமைத் தீனி நறுக்கப் போனது. இதைப் பட்டாபியிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்து, "பரிமாற்ற முறையில் ரிப்பேர்" என்றார்.

லாரி கேவட்பூருக்குப் போயிற்று. 1980 டிசம்பரில், முந்தைய நாள் தூறல் வேறு போட்டிருக்க, கலியமூர்த்தி கரையிலிருந்து இறங்கியதும் நெம்புகோலை மேலே இழுத்தார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான்கு சக்கரங்களும் மெதுவாக, அவசரமில்லாமல், வண்டலை மென்றுகொண்டு போயின. ஊருக்குள் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டுக் கலியமூர்த்தி ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இறங்கலையா?"

"ஒரு நிமிஷம் இருக்கேங்க" என்றார் அவர்.

ஷர்பதி இந்தத் தடவையும் மை தீட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் இளைத்திருந்தாள். படத்தில் அவளுடைய வலது நுரையீரலின் மேற்பகுதியில் தெளிவான நிழல் இருந்தது. ஊரில் மொத்தம் பதினோரு பேருக்கு இருந்தது. அன்றிலிருந்து லாரி மாதா மாதம் மருந்தோடு போய்வந்தது. மழைக்காலத்தில்கூட ஒரே ஒரு மாதம்தான் போகவில்லை.

அடுத்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேவட்பூர் பிரதான் ரத்தன் சிங் கோல் மார்க்கெட்டுக்குத் தேடிக்கொண்டு வந்தார். ஊர்த் தலைவர். பெரிய முண்டாசு, பெரிய மீசை, கையில் ஒரு தூக்கு நெய். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீ குடித்து முடித்தார்.

"டாக்டர்னி ஜி, நீங்கள் எங்களுக்குச் செய்ததை மறக்க மாட்டோம். ஒரு உதவி வேண்டும்."

"சொல்லுங்கள்."

"இனிமேல் லாரியில் வராதீர்கள்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கேவட்பூருக்கு மேடான கல்பாதை கேட்டு ஊர்க்காரர்கள் பல வருஷமாக மனு போட்டு வந்தார்கள். இப்போதுதான் பதில் வந்திருந்தது. பட்டாபி வாங்கிப் படித்தார். கனரக அரசு வாகனம் ஒன்று எல்லாப் பருவங்களிலும் மாதந்தோறும் மேற்படி கிராமத்துக்குத் தடையின்றிச் சென்று வருவதால், தற்போதுள்ள சாலையே போதுமானது எனத் தெரிகிறது; ஆகவே புதிய சாலைக்கு அவசியம் எழவில்லை.

"பிரமாதமான டிராஃப்டிங்" என்று பட்டாபி தமிழில் சொன்னார். "ஒரு வார்த்தை எடுக்க முடியாது."

"ஏன்னா, சும்மா இருங்கோ."

சுந்தரவல்லி மறுநாளே சாலைப் பிரிவின் அலுவலகத்துக்குப் போனார். பெரிய எஞ்சினியர் மரியாதையாக உட்காரச் சொன்னார். அந்த லாரி தனி வகை, நான்கு சக்கரமும் இழுக்கும், வேறு எந்த வண்டியும் அங்கே போக முடியாது என்று சுந்தரவல்லி விளக்கினார். எஞ்சினியர் நிலையத்துக்கு போன் போட்டு விசாரித்தார். அவர்கள் பதிவைப் பார்த்துச் சொன்னார்கள்: சாதாரண லாரி, இரண்டு சக்கர இழுப்பு, அண்மையில் சில ரிப்பேர்கள் செய்யப்பட்டுள்ளன.

"ரிப்பேருக்குப் பிறகு நல்ல கண்டிஷனில் இருக்கிறது போலிருக்கிறது" என்றார் எஞ்சினியர். "இருந்தாலும் நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்கள். மார்ச் மாதம் ஜூனியர் எஞ்சினியரை அனுப்புகிறேன். உங்கள் லாரி போவதை அவர் நேரில் பார்க்கட்டும். போகவில்லை என்றால் சிபாரிசு செய்கிறோம்."

கொட்டகையில் இதைக் கேட்ட கலியமூர்த்தி ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன பண்ணச் சொல்றீங்க?"

"சேத்துல மாட்டிக்கணும்."

"முடியாதுங்க."

"நெம்புகோலைக் கீழே தள்ளிட்டா பழைய லாரிதானே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். மாட்டாத வண்டி ஒண்ணு பண்ணணும்னுதான நீங்க கேட்டீங்க? ரெண்டு வருசம் அதுக்கு அடியிலயே கெடந்தேன். சாந்தா என் மொகத்த மறந்துட்டேங்கறா. இப்ப ஒரு சின்னப் பையன் எஞ்சினியரு முன்னாடி நான் ஓட்டத் தெரியாதவனாட்டம் சேத்துல நிக்கணுமா? ராணுவத்துல சீன பார்டர் வரைக்கும் ஓட்டியிருக்கேன். எங்கயும் நின்னதில்ல."

சுந்தரவல்லி பெட்டிமேல் உட்கார்ந்தார். "நாம மாசத்துல ஒரு நாள் போறோம். மத்த நாள்லே அவா என்ன பண்ணுவா? போன ஆகஸ்ட்ல ஷர்பதியோட நாத்தனாருக்குப் பிரசவ வலி. கயித்துக் கட்டில்ல வச்சு, இடுப்பளவு தண்ணில தூக்கிண்டு வந்தா. கரையேறறதுக்குள்ள குழந்தை போயிடுத்து. அதுக்கு நம்ம லாரி என்ன பண்ணித்து?"

கலியமூர்த்தி ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எந்தத் தேதின்னு சொல்லுங்க" என்றார் கடைசியில்.

ஜூனியர் எஞ்சினியர் சக்ஸேனா உண்மையில் சின்னப் பையன்தான். புது ஷூ போட்டிருந்தார். கரைமேல் ஜீப்பை நிறுத்திவிட்டு, சுந்தரவல்லிக்கும் பிரதானுக்கும் நடுவே நின்றுகொண்டார். ஊர்க்காரர்கள் கரையோரம் கூடியிருந்தார்கள். கலியமூர்த்தி நெம்புகோலைக் கீழே தள்ளி, சாதாரண லாரியாக்கி, கரையிலிருந்து அதை இறக்கினார்.

லாரி போய்க்கொண்டே இருந்தது.

மழை விட்டு வெகுநாளாகியிருந்தது. வண்டல் இறுகியிருந்தது. மாதா மாதம் போய்வந்ததில் அந்த லாரியே தனக்கு ஒரு தடம் போட்டு வைத்திருந்தது. போதாததற்கு ராணுவ டயர். பின்சக்கரங்கள் மட்டுமே தள்ள, உயரமான அந்த லாரி ஆடாமல் அசையாமல் கேவட்பூரை நோக்கிப் போனது.

"நல்ல ரோடு" என்றார் சக்ஸேனா.

பிரதானின் மீசை தொங்கிவிட்டது. தூரத்தில் லாரி நின்றது. கலியமூர்த்தி ஜன்னல் வழியே தலையை நீட்டி, முதலில் முன்சக்கரத்தையும் பிறகு கரையில் நின்றவர்களையும் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை இடது பக்கமாக முழுக்க ஒடித்தார். அந்தப் பக்கம் ஆற்றின் பழைய வாய்க்கால். மேலே பச்சையாக நாணல், கீழே எத்தனை ஆழம் என்று எருமைகளுக்குத்தான் தெரியும்.

"எதற்கு அந்தப் பக்கம் போகிறார்?" என்றார் சக்ஸேனா.

"ரோடு அப்படித்தான் போகிறது, சாஹப்" என்றார் பிரதான்.

லாரி நாணலுக்குள் போய், ஒரு பெருமூச்சு விட்டதைப் போல இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பின்சக்கரங்கள் சேற்றை ஆளுயரத்துக்கு வாரி இறைத்தன. ஊர்க்காரர்கள் கைதட்ட ஆரம்பித்து, பிரதான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

விதிப்படி சாலை முடியும் இடத்தையும் பார்க்க வேண்டுமென்று சக்ஸேனா நடந்தே ஊருக்குப் போனார். போகும்போது ஒரு ஷூ வாய்க்காலிலேயே தங்கிவிட்டது. திரும்பும் வழியில் லாரியருகே நின்று, உள்ளே இருந்த கலியமூர்த்தியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கவலைப்படாதீர்கள், அங்கிள். இந்த ரோட்டில் யாருமே ஓட்ட முடியாது. நான் எழுதுகிறேன்."

"எழுதுங்க சாஹப்" என்றார் கலியமூர்த்தி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது மரியாதையாகவே கேட்டது.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அவர் நெம்புகோலை மேலே இழுத்தார். நான்கு சக்கரங்களும் சுற்றின. லாரி இன்னும் ஒரு சாண் இறங்கியது. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். நான்கும் சேர்ந்து எவ்வளவு வேலை செய்தனவோ, லாரி அவ்வளவுக்கு மேலும் சாய்ந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று, தன் லாரியைப் பார்த்தார்.

"நிஜமாவே மாட்டிக்கிச்சுங்க" என்றார்.

"இப்போ என்ன பண்றது?"

"கட்டை, சங்கிலி எல்லாம் வரணும். ரெண்டு மூணு நாளு ஆவும்."

சுந்தரவல்லி ஊர்க்காரர்களைப் பார்த்தார். பதினோரு பேருக்கும் அன்று மறுபடியும் படம் எடுக்க வேண்டிய நாள். மருந்து கேட்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். "ஜெனரேட்டர் ஓடுமா?"

"அது ஓடுங்க. அது நிக்கற எடத்துலயே ஓடறதுதான."

வைக்கோலையும் கதவுப் பலகைகளையும் போட்டு வாய்க்காலுக்குள் ஒரு பாதை செய்தார்கள். பதினோரு பேரும் ஒருவர்பின் ஒருவராக, சாய்ந்த படிகளில் பிடித்து ஏறி, சாய்ந்த அறையில், சாய்ந்த பலகைக்கு முன் நேராக நின்று மூச்சைப் பிடித்தார்கள். ஷர்பதி நிற்கும்போது வழுக்கி விழப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிக்காதே, மூச்சைப் பிடி என்று சுந்தரவல்லி அதட்ட வேண்டியிருந்தது.

லாரியை மூன்றாம் நாள் ஊரே சேர்ந்து வெளியே எடுத்தது. கேவட்பூர் பாதைக்கு ஜூனில் அனுமதி கிடைத்தது. கல் வந்து இறங்க இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. தார் அதற்கும் பிறகு வந்தது. முதலில் அந்தப் பாதையில் போனது கல்லைச் சுமந்துவந்த சாதாரண லாரிகள்.

வாய்க்காலில் எடுத்த படங்கள் கழுவிக் காய்ந்த அன்று சுந்தரவல்லி விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மார்பும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவர் தலையை இடது தோளில் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கதவருகே கலியமூர்த்தி வந்து நின்றார்.

"வண்டி இவ்வளவா சாஞ்சிருந்துச்சு?"

"பாருங்கோளேன்."

அவர் உள்ளே வந்து, தலையை அதே பக்கம் சாய்த்து, விலா எலும்புகளைப் பார்த்தார். "இது யாருதுங்க?"

"ஷர்பதி."

"நெழல் எங்க இருக்கு?"

"இல்லை."

கலியமூர்த்தி கொஞ்சம் கிட்டே போனார். தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தார். மறுபடி சாய்த்து, வலது நுரையீரலின் மேற்பகுதியில் விரலை வைக்காமல் வைத்து, "இங்கதான இருந்துச்சு?" என்றார்.

"அங்கேதான்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தைப் போடுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.